எங்கே படித்த டொக்டர்?

தன் நோயைவிட டொக்டரின் பட்டத்தைப் பற்றி அதிகம் கவலைப்படும் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். காய்ச்சல் நூற்றுமூன்றில் கொதிக்கும்போதும், வாயில் வைத்த வெப்பமானியை வெளியே எடுத்து, "டொக்டர் எங்க படிச்சவரு?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி வைத்துக்கொள்வார்கள். லண்டன் என்றால் பாதி குணம். கொழும்பு என்றால் கால்வாசி. மதராஸ் என்றாலோ, காய்ச்சல் இன்னொரு டிகிரி ஏறும்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருக்கும் கந்தப்பன் இந்த இனத்தின் முதல்தர மாதிரி. தேயிலைத் தொழிற்சாலைக்கு எதிரிலேயே குடியிருந்துகொண்டு, இங்கிருந்து கப்பலேறி லண்டனில் டின்னுக்குள் அடைபட்டுத் திரும்பிய தேயிலையைத்தான் குடிப்பார். மூட்டுவலிக்கு மாதாமாதம் நுவரெலியாவுக்குப் போய், லண்டனில் படித்த டொக்டரிடம் மாத்திரை வாங்கிவந்து, பிரசாதம்போல் வெறும் வயிற்றில் விழுங்குவார். வயிறு எரிந்தால், "லண்டன் மருந்தாச்சே, வேலை செய்யுது!" என்று பூரிப்பார்.

இவரிடம்தான் ஒரு திங்கட்கிழமை நற்சான்றுக் கடிதம் கேட்டு வந்தார் பூரணி. அதே தோட்டத்துக் கங்காணியின் மகள். மதராஸில் படித்துத் தேறிய டொக்டர். லண்டனில் படித்தவர்கள் கப்பலைவிட்டு இறங்கியதும் பெயர்ப்பலகை மாட்டலாம் என்ற கொழும்பு மருத்துவச் சபை, மதராஸ்காரர்களுக்கு மட்டும் தனிப் பரீட்சை வைத்திருந்தது. இரண்டு தடவை எழுதினார். இரண்டு தடவையும் லண்டன் பனிமூட்டத்தில் வரும் நெஞ்சுச்சளியைப் பற்றியே கேட்டார்களாம். ஹட்டன் பனிமூட்டத்தைக் கேட்டிருந்தால் எழுதித் தள்ளியிருப்பார். மூன்றாவது தடவைதான் கடைசி. அதற்கு ஊர்ப்பெரியவர் ஒருவரின் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேரவேண்டும்.

"ரெண்டு தடவை பெயிலாமே, பிள்ளை?" என்றார் கந்தப்பன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"ஆமாங்க. ஐயாவுக்கு வயிறு எத்தனை நாளா எரியுதுங்க?"

"பொங்கல்லருந்து எரியுது. மனுசன் ஒத்துக்கத்தான் மாட்டாரு" என்று பதில் வந்தது, அவர் மனைவி நாகலெட்சுமியிடமிருந்து.

பூரணி மாத்திரைப் போத்தலை வாங்கிப் பார்த்தார். "மருந்து எழுத எனக்கு அனுமதி இல்லைங்க. நிறுத்தச் சொல்ல யாரு அனுமதியும் வேணாம். இத நிறுத்திட்டு மூணு நாளைக்குக் கஞ்சி குடிங்க."

கந்தப்பன் கேட்பாரா? கேட்கவில்லை. நாகலெட்சுமி போத்தலை ஒளித்துவிட்டுக் கஞ்சியையே வைத்தார். வியாழக்கிழமை எரிச்சல் இல்லை.

"கஞ்சி நல்ல சாமான்தான்" என்றார் கந்தப்பன்.

"அது எங்க படிச்சதுங்க?" என்றார் நாகலெட்சுமி. "மொதல்ல அந்தப் பிள்ளைக்குக் கடுதாசியக் குடுங்க."

கொடுத்தார். அழகான ஆங்கிலக் கடிதம். அதன் சாரம்: 'இவர் மதராஸில் படித்தவராக இருந்தபோதிலும் நம்பத்தக்கவர்.'

பூரணிக்குச் சிரிப்பு வந்தது. "அந்த 'இருந்தபோதிலும்' வேணுங்களா, ஐயா?"

"அது இல்லாட்டி ரொம்பப் புகழ்ந்த மாதிரி ஆயிடும்மா!"

கடிதம் அப்படியே கொழும்புக்குப் போனது.

கந்தப்பனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், பூரணி தேறினாரா இல்லையா என்றுதானே இப்போது காத்திருக்கிறீர்கள்? அதைக் கேட்ட பிறகுதான் அவரை முழு டொக்டராக ஒப்புக்கொள்வது என்று உங்கள் மனத்துக்குள்ளும் ஒரு சபை கூடியிருக்கிறதோ, என்னவோ.

தேறினார். உங்களுக்கு நம்பிக்கை இப்போதுதான் வந்தது. கந்தப்பனின் வயிறு, முடிவு வருவதற்கு மூன்று மாதம் முந்தியே ஆறிவிட்டது.