பாடகியின் புருஷன் கேட்டு வாங்கிய மாற்றல்

அபாஷிரி,
பிப்ரவரி, பனிக்கட்டி கரை தொட்ட வாரம்.

என் மதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய மாமியார் கியோகோ அத்தை அவர்களுக்கு,

மருமகன் நிஷிவாகி ஹிரோமிச்சி தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே கடல் உறைந்து, பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசி முனகும் காலம். அங்கே ககோஷிமாவில் இந்நேரம் பிளம் மரங்கள் பூத்திருக்கும். எரிமலை உங்கள்மேல் கருணை வைத்து, நீங்கள் துணி காயப்போடாத நாட்களில் மட்டும் சாம்பல் தூவ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன்.

போன இலையுதிர் காலத்தில் கம்பெனி என்னை இந்த வடகோடிக்குத் தூக்கியடித்தபோது நீங்கள் போனில் அழுதீர்கள். "கல்யாணமாகி முழுசா நாலு வருஷம் ஆகலை, பொண்டாட்டிய யோகோஹாமாவுல விட்டுட்டுத் தனியாப் போன்னு சொல்றானே, அந்த இவாமுராவுக்கு மனசாட்சியே கிடையாதா?" என்று எங்கள் பிரிவுத் தலைவரைப் பெயர் சொல்லித் திட்டினீர்கள். அத்தை, அந்த மனிதர் பாவம். மாற்றலை நான்தான் கேட்டு வாங்கினேன். குடும்பத்தை விட்டுவிட்டு ஏதாவது ஒரு கிளைக்குத் தனியாகப் போய்ச் சோறு பொங்கித் தின்னாத ஆண்பிள்ளை நம் நாட்டில் ஏது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அதைக் கெஞ்சிக் கேட்டவனை இவாமுரா அதுவரை பார்த்ததில்லையாம். "ஏம்ப்பா நிஷிவாகி, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "ஒரு பிரச்சினையும் இல்லை சார், அதுதான் பிரச்சினை" என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? உங்கள் மகள் மினாஹோ பாட்டெழுதிப் பாடி நாட்டையே அழவைத்தவள். 'ஆறிப்போன குளியல் தண்ணீர்' பாட்டு வந்த வருஷம் லாரி ஓட்டுகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதார்கள். நானும் அப்படி அழுதவன்தான். அவளை விட்டுப்போன பழைய ஆட்கள் ஒவ்வொருவரும் அவளுக்கு ஒரு பாட்டையாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் வந்து சேர்ந்தபிறகு ஒரு பாட்டும் இல்லை. கிட்டாரை மடியில் வைத்து ரெண்டு தட்டு தட்டுவாள், ஜன்னலைப் பார்ப்பாள், "ராத்திரிக்கு என்னங்க செய்யலாம்?" என்பாள். இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து செகாவா என்று ஒருவர் வந்தார், டீ குடித்தார், எங்கள் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார், "ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க போல" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மறுநாள் அவள் கிட்டாரைத் துணியில் சுற்றி, அலமாரியில் மெத்தைகளுக்குப் பின்னால் தள்ளுவதைப் பார்த்தேன். "விடுங்க, எழுதறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நாம நல்லா இருக்கோம்ல, அது போதும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் பாட்டை நிறுத்திய பாவம் எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அவளுக்குக் கொஞ்சம் துக்கம் தரவேண்டும், அது என் கடமை.

சொல்வது சுலபம், அத்தை. முதலில் அவள் பிறந்தநாளை மறந்தேன். மறக்காமல் மறக்க வேண்டுமே என்று நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வைத்திருந்தேன். வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றால், "அப்பாடா, நீங்களாவது மறந்தீங்களே! வயசாயிடுச்சுன்னு காலையிலேர்ந்து ஆளாளுக்கு ஞாபகப்படுத்தறாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி, சண்டை போட்டுப் பார்ப்போம் என்று, ரயிலில் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்து, ஒருநாள் காலை மிசோ சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை டொக்கென்று வைத்து "இதை மனுஷன் குடிப்பானா?" என்றேன். அவளும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "அய்யய்யோ, ஆமாங்க, மிசோவைக் கரைக்கவே மறந்துட்டேன், இது வெறும் வெந்நீர்" என்று சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். பிறகு தினமும் தாமதமாக வீட்டுக்குப் போய், வேறு பெண் சகவாசம் என்று நினைக்கட்டும் என்று, ஸ்டேஷன் பக்கத்தில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்து ஊரார் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டையில் வாசனை வேறு ஏறியிருந்தது. அவள் மோந்து பார்த்தாள். "இது நல்லாயிருக்கே, எந்த சோப்பு?" என்று கேட்டு, மறுநாள் அதையே வாங்கி வந்துவிட்டாள். இப்படிப்பட்ட பெண்ணை வளர்த்த உங்களை என்ன சொல்வது? வேறு வழியில்லாமல்தான் இவாமுராவின் கதவைத் தட்டினேன்.

விமான நிலையத்திலும் அவள் அழவில்லை. "உப்பு பிளம் வச்சிருக்கேன், உள்பனியன் ரெண்டு போட்டுக்குங்க" என்றாள். அழுதது நான்தான், அதுவும் இங்கே வந்து, கடைத்தெருவில், டோஃபு வைத்திருக்கும் அலமாரிக்கு எதிரில், ஒலிபெருக்கியில் அவளுடைய பழைய பாட்டு வந்தபோது. ஒரு கிழவர் என் தோளைத் தட்டி, தள்ளுபடி விலைச் சீட்டைச் சாயங்காலம்தான் ஒட்டுவார்கள் என்று ஆறுதல் சொன்னார்.

ஜனவரியில் அவளுடைய புதுப் பாட்டு வந்தது. மாற்றல் பலித்தது என்று நான் குதித்தேன். அதன் பெயர் 'குறுக்கே படுக்கிறேன்'. நீங்களும் கேட்டிருப்பீர்கள். மெத்தையில் குறுக்கே படுக்கிறேன், கால்நீட்ட ஊரே இருக்கிறது, பூண்டு வறுத்துத் தின்கிறேன், முகம் சுளிக்க ஆளே இல்லை என்று, மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு டிவியில் துள்ளித் துள்ளிப் பாடுகிறாள். எங்கள் மீன்விழுதுக் கம்பெனியில் அவித்த மீன்கட்டிகளை அடுக்குகிற பெண்கள் நாள் பூராவும் இதைத்தான் பாடுகிறார்கள். அவள் உங்கள் வீட்டுப் பெயரில் பாடுவதால் நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. "பாவம்டீ, இந்தம்மாவோட வீட்டுக்காரர்!" என்றாள் ஒருத்தி. "அந்தாளுக்கு என்ன பாவம்? தொலைஞ்சது சனியன்னுதானே பாடுது!" என்றாள் இன்னொருத்தி. "நிஷிவாகி சார், சும்மா நிக்காதீங்க, கை தட்டுங்க!" என்றார்கள். தட்டினேன்.

அத்தை, நான் கேட்டது பாட்டு. அது வந்துவிட்டது, குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் மனசு வலிக்கிறது. இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருக்கச் சம்மதமா என்று இவாமுரா கேட்டிருக்கிறார். தாங்கள் பேச்சோடு பேச்சாக மினாஹோவிடம் விசாரித்து, நான் இல்லாமல்தான் அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்றால் ஒரு வரி எழுதுங்கள். சம்மதம் சொல்லிவிட்டு, இங்கேயே மீனோடு மீனாக இருந்துவிடுகிறேன்.

குளிர் குறையும்வரை தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டாருக்கும், தங்கள் பூனைக்கும் என் விசாரிப்புகள். தங்கள் ஆசியை நாடி நிற்கும்,

ஹிரோமிச்சி

பி.கு.: மேலே எழுதிய எதையும் மினாஹோவிடம் கேட்டுவிடாதீர்கள். கிழித்துப்போட்டிருப்பேன், உறையில் தபால்தலை ஒட்டியாகிவிட்டது. இன்று மதியம் இதைத் தபாலில் சேர்க்கப் போனேன். தபால்பெட்டிக்குப் பக்கத்தில் ஃபுமியே அக்கா என்பவர் ஒரு சின்ன பார் நடத்துகிறார். மதியத்தில் கூட்டிப் பெருக்கிவிட்டு, கரோக்கி மெஷினைப் போட்டு, வாடிக்கையாளர்கள் கேட்கிற புதுப் பாட்டுகளைப் பழகிக்கொள்வார். அந்தப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடி வந்துவிடலாம் என்று திரும்பினேன், ஆனால் பாட்டு முடியவில்லை. டிவியிலும் ரேடியோவிலும் எந்தப் பாட்டையும் முதல் சரணத்தோடு வெட்டிவிடுகிறார்கள், இசைத்தட்டு வாங்கி முழுசாகக் கேட்கிற தெம்பு எனக்கு ஏது?

"ஏன்யா வாசல்ல நின்னு உறையறே? உள்ள வா" என்றார்.

"அக்கா, இதுல ரெண்டாவது சரணம் இருக்கா?"

"எந்தப் பாட்டுலதான் இல்ல? ஆனா எனக்குப் பாடத்தான் வரமாட்டேங்குது, அந்த இடம் வந்தா மைக்கைக் கீழ வச்சிடறேன்."

திரையில் எழுத்து ஓடியது. குறுக்கே படுத்தவள், விடிந்து பார்த்தால் என் ஓரத்திலேயே சுருண்டு கிடக்கிறேன், உன் பக்கம் ஒரு சுருக்கம்கூட இல்லை, பூண்டு வாசனை உனக்கு ஆகாதென்று ஜன்னலைத் திறந்து வைக்கிறேன், நீ இல்லாத வீட்டில்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். ஃபுமியே அக்கா சூடான ஈரத்துண்டை நீட்டி, "இந்தம்மாவோட புருஷன் ஒரு மடையன்யா" என்றார். "ஆமாம்" என்றேன். அங்கிருந்தே மினாஹோவைப் போனில் பிடித்து, நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, வேலையை விட்டாவது வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறேன் என்றேன். அவள் அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டபின் முதல்முறையாக அழுகிறாள், அத்தை. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமையா?" என்றாள்.

"ஏம்மா, வேண்டாமா?"

"அய்யோ, வாங்க. ஆனா இன்னொரு பாட்டு பாதியில நிக்குதுங்க. நல்லா வந்துக்கிட்டிருக்கு. நீங்க அங்கயே கொஞ்ச நாள் இருங்களேன், முடிச்சிட்டுக் கூப்பிடறேன்."

சரி என்றேன். அவள் போனை வைக்க மறந்துவிட்டாள். அந்தப் பக்கம் கிட்டார் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. இதுவும் சோகப் பாட்டுதான் போலிருக்கிறது, அத்தை. எனக்கு இருக்கிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.