காலி வண்டி

"ஏம்மா ஆராய்ச்சி, என் லாரியெல்லாம் எங்கம்மா?"

சோப்புத் தொழிற்சாலையின் மேலாளர் ஜன்னல் வழியே வெறிச்சோடிய முற்றத்தைக் காட்டினார். கிடங்கு நிரம்பி, பெட்டிகள் நடைபாதைக்கு வந்து, இப்போது அவர் அறைக்குள்ளேயே ஓர் அடுக்கு நின்றது. வாசனை தாங்காமல் தும்மினார்.

"லோடுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு சார்."

"என்ன?"

அவள் பேசினால் எதிரில் இருப்பவருக்குப் பாதிதான் கேட்கும். இன்னொரு முறை சொன்னாள். அவர் இன்னொரு முறை தும்மினார்.

சரக்குப் போக்குவரத்தில் புகையையும் டீசல் செலவையும் குறைக்க வழி கண்டுபிடிப்பது அவள் வேலை. தற்காலிக வேலை. ஆராய்ச்சி பலன் தந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். சேர்ந்த புதிதில் அவளும் வெயிலில் வாசலில் நின்று, திரும்பி வரும் ஒவ்வொரு லாரியின் பின்கதவையும் திறந்து பார்த்தாள். தூரத்து நகரத்துக்குச் சோப்போடு போன வண்டிகள் காற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தன.

அதை முதலில் வீட்டில்தான் சொன்னாள். அப்பா மெத்தையும் தலையணையும் தைத்து விற்பவர். புருவத்தில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும்.

"அத்தனை வண்டியும் காலிப்பா. எவ்வளவு வீண் பாருங்க!"

சோற்றோடு வாய்க்குப் போன அப்பாவின் கை பாதி வழியில் நின்றது. "காலியாவா? நல்லாப் பாத்தியா?"

"கண்ணால பாத்தேன்."

"இத எழுதினா வேலை நிரந்தரமாயிடுமா?"

"ஆயிடும்பா."

கையிலிருந்த கவளத்தை அவர் மெதுவாக வாயில் போட்டுக்கொண்டார். "அப்ப எழுது."

எழுதினாள். லோடு இல்லாமல் எந்த வண்டியும் திரும்பக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த நகரத்தில் சோப்பு லாரியை நம்பிச் சரக்குக் கொடுக்க யாரும் தயாராக இல்லை. வண்டிகள் அங்கேயே நின்றுவிட்டன.

தேங்கிய சோப்பை அனுப்ப மேலாளர் வாடகை லாரிகளை வரவழைத்தார். அவள் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். அவை இங்கே காலியாக வந்துகொண்டிருந்தன.

"போறப்ப நெறஞ்சுதானே போகுது? சும்மா இரு," என்றார் மேலாளர்.

அங்கே நின்ற வண்டிகளோ லோடு தேடித் தெருத் தெருவாகச் சுற்றி, மிச்சம் பிடித்ததைவிட அதிக டீசல் குடித்தன. அதற்கும் அவளே வழி சொன்னாள். வண்டி எங்கே போகிறது என்று காட்டும் கருவி பொருத்தினார்கள். வழியில் யாரும் திறக்காதபடி பின்கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இரண்டு ஊர் அலுவலகத்திலும் வைத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு டிரைவர்கள் அவளிடம் சிரிப்பதில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட மூத்த டிரைவர் மட்டும், "நல்லா இருங்க மேடம்," என்றார். வாழ்த்து மாதிரித் தெரியவில்லை.

வீட்டில் வேறு பிரச்சினை. அப்பாவின் கடைக்குப் பஞ்சு வரவில்லை. பழைய மெத்தைகளைக் கிழித்துப் புதுத் தலையணைகளை நிரப்பினார். அது தீர்ந்ததும் வீட்டுத் தலையணைகளில் கை வைத்தார்.

"மெத்தைக்காரருக்கு வாக்கப்பட்டுத் தரையில படுக்கறேன். ஊர் சிரிக்குது," என்றாள் அம்மா.

"முதுகுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றாரு."

"எந்த டாக்டரு? பேரச் சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வரேன்."

அவளுக்கு அப்பாமேல் எரிச்சலாக வந்தது. "ஒரே வழிய நம்பிக் கடை நடத்தலாமாப்பா? சரக்கு எங்கேருந்து, எதுல வருதுன்னு முதல்ல ஆராயணும்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகளிடம், "நீ சொன்னா சரிதாம்மா. சாப்பிடு," என்றார்.

கடைசியில் மேலாளரே ஒரு தீர்வு கண்டார். தூரத்துக் கிடங்கில் விற்காமல் கிடந்த சோப்பையெல்லாம் திரும்பி வரும் வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"அது நாம அனுப்பின சோப்புதானே சார்?"

"வண்டி நெறஞ்சு வருதா, இல்லையா?"

"வருது சார்."

"அப்ப எழுது."

எழுதினாள். அதே சோப்பு போனது, வந்தது, மறுபடி போனது. மூலை கிழிந்த ஒரு பெட்டியை அவள் அடையாளம் வைத்திருந்தாள். அது அவளைவிட அதிகம் ஊர் பார்த்துவிட்டது. அறிக்கையில் காலி ஓட்டம் பூஜ்யம். தலைமை அலுவலகம் பாராட்டு விழா வைத்து, இயற்கையைக் காத்ததற்காக அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் செடியும் நிரந்தர வேலைக்கான உத்தரவும் கொடுத்தது.

அன்று காலைதான் அப்பா தையல் மெஷினுக்கு உறை போட்டு, கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். "வயசாயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல," என்றார். புருவத்தில் பஞ்சு இல்லை. யாரோ போல இருந்தார்.

சாயங்காலம் செடியோடு வாசலுக்கு வந்தபோது கறுப்புக் கண்ணாடி டிரைவர் எதிரில் நின்றார்.

"நிரந்தரமாயிடுச்சா மேடம்?"

"ஆயிடுச்சுண்ணே."

"ஆர்டரு கையில வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"கையெழுத்தெல்லாம்?"

"போட்டாச்சு. ஏண்ணே?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்களை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இனிமே சொல்லலாம். எங்க வண்டி எதுவும் காலியா வந்ததே இல்ல பாப்பா. தெருமுனையில இறக்கிட்டுத்தான் உள்ள வருவோம். முதலாளிக்குத் தெரியாது."

"என்னத்த இறக்குவீங்க?"

"சில்லறைச் சாமான்தான். பாதிக்கு மேல பஞ்சு."

செடி கையில் கனத்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே!"

"சொல்லத்தான் கிளம்பினோம். உனக்கு வேலை நிரந்தரமாகற வரைக்கும் ஒருத்தனும் வாயத் திறக்கக் கூடாதுன்னு உங்கப்பாதான் எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு."