சிவ்டி கடலில் ஜெட் படகைப் பாய வைத்த விவரம்

தாராவி, பம்பாய்.
20-11-1967

உயர்திரு மாமா அய்யாத்துரை அவர்களின் சமூகத்துக்கு மருமகன் சுயம்பு கும்பிட்டு எழுதுவது. இவ்விடம் நானும் தங்கள் மகள் சண்முகவடிவும் நல்ல சுகம். அவ்விடம் தங்கள் சுகமும், அத்தையின் முழங்கால் சுகமும், தோட்டத்தில் புதிதாக வைத்த எண்ணெய் எஞ்சினின் சுகமும் அறிய ஆவல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கள் கிணற்றுப் பம்பைப் பிரித்து மாட்டிக் கொடுத்தேன். அது தண்ணீருக்குப் பதிலாக ஒரு தவளையை மட்டும் வெளியே தள்ளியது. அன்றிலிருந்து ‘மாப்பிள்ளைக்குப் பம்பாய் தெரியும், பம்பு தெரியாது’ என்று தாங்கள் ஊரெல்லாம் சொல்லி வருவதாகக் கேள்வி. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் சென்ற வாரம் இங்கே நடந்ததைத் தாங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் கலீலுல்லா என்பவர் எங்கள் பம்பு ரிப்பேர் பட்டறைக்கு வந்தார். காயல்பட்டினத்துக்காரர். பம்பாய்த் துறைமுகப் பக்கம் சிவ்டியில் தாராப்ஜி என்ற பார்சி சேட்டிடம் படகு ஓட்டுகிறார். அது ஜெட் படகு, எட்டு வருஷத்துக்கு முன்னால் நியூசிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. மாமா, அதற்கு வெளியே சுற்றுகிற விசிறியே கிடையாது. வயிற்றில் ஒரு வாய் இருக்கிறது. அது கடல்தண்ணீரை உறிஞ்சும், உள்ளே ஒரு இறக்கைச் சக்கரம் சுழன்று அதைப் பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும், அந்த வேகத்தில் படகு முன்னால் பாயும். பாய வேண்டும். ஆனால் ஒரு வருஷம் கொட்டகையில் சும்மா கிடந்துவிட்டு மறுபடி தண்ணீரில் இறக்கியதிலிருந்து, எஞ்சினை முடுக்கினால் வயிற்றுக்குள் கூழாங்கல் அரைபடுகிற சத்தம் கேட்கிறதாம், எஞ்சின் அலறுகிறதாம், படகு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறதாம். மூன்று மெக்கானிக்குகள் வந்து எஞ்சினைக் குறை சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓடாவிட்டால் படகை உடைத்துப் போட்டுவிடுவதாகவும், கலீலுல்லா வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றும் சேட் சொல்லிவிட்டார்.

“எஞ்சின்காரன்வ எல்லாரும் பாத்தாச்சு அண்ணே. உள்ள இருக்கது பம்புதான? நீங்க பம்புக்காரரு. ஒருக்க வந்து பாருங்க. எனக்கு நாலு பிள்ளைய” என்றார்.

பம்புக்காரர்! மாமா, ஒரு மனிதர் என்னை வாய் நிறைய அப்படிச் சொன்னார். மறுநிமிஷமே ஸ்பானர் பையைத் தூக்கிவிட்டேன்.

விஷயம் இதுதான். சக்கரத்துக்கு வேண்டிய தண்ணீர் நிறைவாக வந்து சேராவிட்டால் இறக்கைகளைச் சுற்றிக் குமிழி கட்டும். அந்தக் குமிழிகள் உடைகிற சத்தம்தான் கூழாங்கல் சத்தம். சக்கரம் குமிழியை அடித்துக்கொண்டிருந்தால் படகு எப்படி நகரும்? ஆகவே செவ்வாய்க்கிழமை முதலில் வயிற்று வாயைப் பார்த்தேன். அங்கிருந்த கம்பிச் சட்டத்தில் ஒரு கிழிந்த சாக்கும், வலைக்கயிறும், இடது கால் செருப்பு ஒன்றும் சிக்கியிருந்தன. எல்லாவற்றையும் உருவிவிட்டு முடுக்கினோம். அதே கூழாங்கல். புதன்கிழமை சக்கரத்தைக் கழற்றினேன். இறக்கை விளிம்பெல்லாம் எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. அரம் போட்டுச் சீராக்கினேன். சக்கரத்தைச் சுற்றியிருந்த வளையமும் தேய்ந்து, இடுக்கில் தீப்பெட்டி அட்டை தாராளமாகப் போய் வந்தது. இரண்டு நாள் லேத்தில் நின்று புது வெண்கல வளையம் கடைந்து பொருத்தினேன். வெள்ளிக்கிழமை மாலை முடுக்கினால் பாதி வேகம் வரை படகு போகிறது, அதற்கு மேல் பழையபடி அலறல். கரையில் நின்ற சேட் காரில் ஏறிப் போய்விட்டார். கலீலுல்லா எனக்கு ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தார். அந்த டீதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தங்கள் மகள் பஸ் பிடித்து எனக்குப் புளிச்சோறு கொண்டுவந்தாள். நான் படகைக் கரையில் கட்டிப்போட்டு, முடுக்குவதும் நிறுத்துவதுமாக இருந்தேன். அவள் உள்ளே இறங்கி உட்கார்ந்து, எஞ்சினிலிருந்து வருகிற தண்டு பம்புக்குள் நுழைகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இதுல தண்ணி சொட்டுது பாத்தியளா?”

“பழைய படகுன்னா சொட்டத்தான் செய்யும்.”

“அதில்ல. நிறுத்துனா சொட்டுது. ஓட்டுனா சொட்டு நின்னு போவுது.”

“நின்னா நல்லதுதானட்டீ?”

“என்ன நல்லது? தண்ணி வெளிய வரலேன்னா காத்து உள்ள போவுதுன்னுல்லா அர்த்தம்! நம்ம வீட்டு லைன்ல அடிகுழா தோலு காஞ்சு கெடந்தப்ப இப்பிடித்தான கூவிச்சு?”

நான் சோற்றைக் கீழே வைத்துவிட்டு எஞ்சின் பக்கம் போனேன். அவள் முந்தானையில் முடிந்திருந்த முகப்பவுடரை உள்ளங்கையில் கொட்டி அந்த இடத்தருகே பிடித்தாள். நான் எஞ்சினை முடுக்கினேன். பவுடர் அப்படியே புகைபோலக் கிளம்பித் தண்டின் இடுக்குக்குள் போய்விட்டது. மாமா, கடலில் மிதந்துகொண்டு அந்தப் பம்பு காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது! தண்டைச் சுற்றி அடைத்திருந்த கயிறு ஒரு வருஷமாகக் காய்ந்து சருகாகியிருந்தது. உடனே தாராவிக்கு ஓடினேன். தோல் பதனிடும் இடத்தில் நல்ல எருமைத் தோல் வாங்கி, வளையங்களாக வெட்டி, கொழுப்பில் ஊறவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் இறுக்கி அடைத்தேன். வெண்கல வளையம் கடைந்ததும் வீணில்லை, அதுவும் வேண்டியதுதான் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

பத்து மணிக்குச் சேட், கலீலுல்லா, நான், தங்கள் மகள் நால்வரும் ஏறினோம். கலீலுல்லா “பிஸ்மில்லா” என்று முடுக்கினார். கூழாங்கல் இல்லை. அலறல் இல்லை. படகு மூக்கைத் தூக்கியது, பிறகு தண்ணீரைத் தொட்டதோ இல்லையோ! நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கூடையும் கையுமாக வாயைப் பிளந்து நின்றார்கள். சேட்டின் தொப்பி பறந்து கடலில் விழுந்தது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கள் மகள் பயந்திருப்பாள் என்று நினைக்கிறீர்களா? “இன்னும் முடுக்குங்க காக்கா!” என்று கலீலுல்லாவைப் பார்த்துக் கத்தினாள் (காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்களாம்). அவர் சிரிக்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது, காற்றினால்தான் என்கிறார்.

கரைக்கு வந்ததும் சேட் என்னைக் கட்டிப்பிடித்து, “கமால் கர் தியா!” என்றார், அதாவது அற்புதம் செய்துவிட்டாய் என்று. நான் தங்கள் மகளைக் காட்டினேன். அவர் திரும்பி அவளுக்குக் கைகூப்பினார். கலீலுல்லாவின் வேலை நிலைத்தது. பாண்டுப்பில் சேட்டுக்கு இருக்கிற ஆலையின் பம்பு வேலை முழுவதும் இனி எனக்குத்தான். ஆகவே, தாங்கள் இனி என்னைப் பற்றிப் பிறரிடம் பேசும்போது தயவுசெய்து இந்தச் செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டியது.

அத்தைக்கும் தங்களுக்கும் எங்கள் கும்பிடு. மழை நன்றாகப் பெய்து, கிணறும் குளமும் நிரம்பி, எல்லாரும் நோய்நொடியின்றி இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
சுயம்பு

பி.கு: கடிதம் தபாலில் போடத் தாமதமாகிவிட்டது. இன்று புதன்கிழமை. நேற்றுக் காலையில் சேட் தன் விருந்தாளிகள் மூவரை ஏற்றிக்கொண்டு, கலீலுல்லாவைக் கரையில் நிறுத்திவிட்டு, படகைத் தானே ஓட்டியிருக்கிறார். இத்தனை நாளாக அது ஓடாமலே இருந்ததால் அவருக்கு நிறுத்தப் பழக்கமில்லை. கடல் வற்றியிருந்த நேரம். முழு வேகத்தில் போய்ச் சேற்றுத் திட்டில் ஏறிவிட்டது. பம்பு நன்றாக வேலை செய்ததால் சேறு முழுவதையும் உறிஞ்சிவிட்டது. வெண்கல வளையம், இறக்கை, தோல் எதுவும் மிச்சமில்லை. விருந்தாளிகளை மீனவர்கள் முதுகில் சுமந்து கரை சேர்த்தார்கள். பாண்டுப் ஆலை விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சேட் ஆள் விட்டிருக்கிறார். நானும் கலீலுல்லாவும் படகைச் சேற்றிலிருந்து தோண்டி எடுக்க மண்வெட்டியோடு புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒன்று மாமா, ஓட வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நிற்க வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.