பிரச்சினை வராத வசனம்

காகத்துக்கு அடுத்தபடியாக இன்று கொழும்பில் அதிகமாகக் காணப்படும் பிராணி எது என்று நினைக்கிறீர்கள்? இரத்தம் குடிக்கிற நுளம்பு என்பீர்கள். இல்லை, வெட்டாசிரியர். இந்தப் பெயரை வைத்தவன் நான்தான், அகராதியில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எழுதுகிறவர் ஆசிரியர், எழுதியதைச் சரிபார்க்கிறவர் பதிப்பாசிரியர், சரியாக எழுதியிருப்பதைக் கண்டதும் கை பதறி அதை இல்லாமற் செய்கிறவர் வெட்டாசிரியர். வெள்ளவத்தையில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இரண்டு மூன்று பேராவது குடியிருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஞாயிறு பூசை முடிந்து வருகிற கூட்டத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் ஒருவர் அகப்படுவார்.

நல்ல மாதிரி ஒன்றைப் பார்க்க ஆசையென்றால் எங்கள் நூதனசாலைக்கு வாருங்கள். எந்த நூதனசாலை என்று கேட்காதீர்கள். அங்கே நான் பொருட்களைப் படம் பிடிக்கிறவன். எனக்கு எதிர் மேசையில் இருப்பவர் மிஸ்டர் றேமண்ட், தமிழ்ப் பகுதியின் பதிப்பாசிரியர். காட்சிக்கு வைத்த ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில், இது என்ன, எங்கேயிருந்து வந்தது, யார் தந்தது என்று ஒரு சின்ன அட்டை இருக்குமல்லவா? அந்த அட்டையின் தமிழ் அவர் பொறுப்பு. சட்டைப் பையில் சிவப்புப் பேனை, முகத்தில் காய்ச்சற்காரனின் களை, வாயில் ஒரே வசனம்.

"பிரச்சினை வரும்."

இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு அவர் எங்கள் தீவின் வரலாற்றையே சமாதானப்படுத்திவிட்டார். தமிழ் அட்டைகளை மட்டும் படித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தீர்களானால், இந்த நாட்டில் ஒருபோதும் சண்டை நடந்ததில்லை என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். அரசன் படையெடுத்து வந்தான் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் 'அரசர் வருகை தந்தார்' என்று ஆகும். போர்த்துக்கேயர் கோட்டையைப் பிடித்தார்கள் என்றால் 'கோட்டையில் தங்கினார்கள்'. வாள் 'நீளமான கருவி'. பீரங்கி 'குழாய்'. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு ரீச்சர் அந்தக் குழாய்க்கு முன்னால் நின்று, அந்தக் காலத்திலேயே நம்மவர்கள் இவ்வளவு பெரிய தண்ணீர்க் குழாய் பதித்திருக்கிறார்கள் என்று பெருமையோடு சொல்லிக் கொடுத்ததை என் காதால் கேட்டேன். றேமண்டும் கேட்டார். அவர் முகத்தில் அன்று ஒரு கலைஞனின் திருப்தி தெரிந்தது.

வெட்டாசிரியர் கந்தோர் வேலையோடு நிற்பாரா? கோயிலில் விசுவாசிகளின் மன்றாட்டை எழுதிக் கொடுப்பவரும் இவர்தான். 'யுத்தம் முடிய வேண்டுமென்று மன்றாடுவோம்' என்று பங்குச் சுவாமியார் எழுதியிருந்ததை 'நிலைமை நல்ல நிலைமையாக வேண்டுமென்று' என்று மாற்றினார். கடவுளுக்கு விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், நிலைமை இன்னும் நிலைமையாகவே இருந்தாலும். மைத்துனி மகளின் கல்யாணக் கார்ட்டைத் திருத்தக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் ஊரை வெட்டினார். யாழ்ப்பாணம் என்று அச்சடித்த கடதாசியோடு ஆட்கள் ரோட்டில் போகலாமா? பிறகு, சனம் கூடுகிற இடத்தை ஊரறிய எழுதக் கூடாது என்று மண்டபத்தின் பெயரையும் வெட்டினார். கல்யாணத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. மிஞ்சிய புரியாணியை அந்த ஒழுங்கை இரண்டு நாள் சாப்பிட்டது. அவருடைய மனைவி ஐறீன் இன்றைக்கும் சொல்வார்: "இந்த மனுசன் எங்கட கலியாணக் கார்ட்டத் திருத்தியிருந்தா நான் தப்பியிருப்பன்."

வெட்டாசிரியரின் உண்மையான திறமையைக் காண வேண்டுமென்றால் சோதனைச் சாவடியில் பார்க்க வேண்டும். ஒருநாள் தெமட்டகொடையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். எனக்கு முன்னால் றேமண்ட்.

"கொஹேத யன்னே?" என்று கேட்டான் சிப்பாய். எங்கே போகிறாய் என்றுதான் கேட்டான்.

"இந்தப் பக்கம்."

"எங்கேயிருந்து வருகிறாய்?"

"அந்தப் பக்கம்."

"என்ன வேலை?"

"சும்மா, எழுத்து வேலை."

நான் வீட்டு நம்பர், மாமியாரின் சுகவீனம், களுபோவில ஆஸ்பத்திரியின் வார்டு, அவருக்கு நான் கொண்டுபோகிற சூப் என்று ஒன்றும் விடாமல் ஒப்புவித்தேன். சிப்பாய்க்குக் கொட்டாவி வந்தது; போ என்றான். றேமண்டைப் பின்னேரம் வரைக்கும் வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஏதாவது படித்தாரா? படித்தார். அடுத்த தடவை 'எழுத்து வேலை' என்பதையும் சொல்லக் கூடாது என்று படித்தார்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எண்பத்து மூன்று இனக்கலவரத்தின்போது அவர் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. மூன்று மொழியிலும் அழகாக எழுதி மாட்டியிருந்தார். தமிழர் வீடு என்று அதைப் படித்துவிட்டுத்தான் கும்பல் உள்ளே வந்தது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். மற்றதையெல்லாம் கேலி செய்வேன்.

இப்படிப்பட்ட மனிதரின் மேசைக்குத்தான் மெற்றில்டா அக்கா ஒரு பொருளோடு வந்தார். கொட்டாஞ்சேனைக்காரி, கப்பல் கம்பனி ஒன்றில் தட்டெழுத்தாளராக இருந்து இளைப்பாறியவர், றேமண்டைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். அவர் கொண்டுவந்தது சுழியோடிகள் அந்தக் காலத்தில் தலையில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிற செப்புத் தொப்பி. குடம் அளவு பெரியது. முன்னாலும் இரண்டு பக்கத்திலும் வட்டக் கண்ணாடி. அவருடைய அப்பா நிக்கலஸ் துறைமுகத்தில் சுழியோடியாக இருந்தவர். ஒருநாள் இந்தத் தொப்பியில் தண்ணீர் கசிகிறது என்று மருதானையில் ஒரு பட்டறையில் திருத்தக் கொடுத்துவிட்டு, யாரோ ஒருவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினார். ஏறி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பட்டறைக்காரன் திருத்திய தொப்பியைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான்.

"பழைய செம்பு வாங்கிறவன் எத்தினை தரம் வந்து கேட்டவன், நான் குடுக்கேல்ல," என்றார் மெற்றில்டா அக்கா. "அப்பாவுக்குக் கல்லறையும் இல்லத்தானே தம்பி. ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரியோட சேமக்காலைக்குப் போவாங்க. நான் எங்க போறது? இதில அவர்ட பேரை எழுதி வையுங்க. அது போதும்."

றேமண்ட் எழுதித்தான் கொடுத்தார். முதற் பிரதியில் எல்லாம் இருந்தது: 'கொழும்புத் துறைமுகத்தில் பணியாற்றிய தமிழ்ச் சுழியோடி நிக்கலஸ் அணிந்த தொப்பி. அன்பளிப்பு: மகள் மெற்றில்டா, கொட்டாஞ்சேனை.' எழுதி முடித்ததும் அதை ஒருமுறை வாசித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து என்னிடம் குனிந்தார்.

"துறைமுகம், தமிழ், சுழியோடி. மூண்டும் ஒரே வசனத்தில! கப்பலுக்குக் கீழ சுழியோடி வந்து குண்டு வைக்கிற இந்த நேரத்தில! என்ன விளையாட்டே?"

"அந்த மனுசன் செத்து நாப்பது வருசமாச்சு, மிஸ்டர் றேமண்ட்."

"அது அட்டையப் பாக்கிறவனுக்குத் தெரியுமே?"

பேனை இறங்கியது. முதலில் 'தமிழ்' போனது. பிறகு 'சுழியோடி'. சுழியோடி இல்லாமல் துறைமுகம் எதற்கு? போனது. நிக்கலஸ் என்று பெயரைப் போட்டால் எந்த நிக்கலஸ், என்ன செய்தவன் என்று கேள்வி வரும். மகளின் பெயரைப் போட்டால் வீட்டுக்கு ஆள் வரும். கொட்டாஞ்சேனை, சொல்லவே வேண்டாம். தொப்பி என்றால்கூட யாருடைய தொப்பி என்று கேட்பார்கள் என்று அதையும் எடுத்தார். கடைசியில் ஒரு நாள் முழுக்க உழைத்து அவர் மிச்சம் வைத்த அட்டை இது:

'உலோகப் பொருள். உருண்டை வடிவம். உள்ளே வெற்றிடம் உண்டு. பயன்பாடு தெரியவில்லை. கொடுத்தவர் பெயர் வெளியிடப்படவில்லை.'

மெற்றில்டா அக்கா அதை வாசித்துவிட்டு, அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"எங்க தம்பி அப்பா?"

"உங்கட நன்மைக்குத்தான் அக்கா. பிரச்சினை வரும்."

"அவரைக் கடல் ஒருக்கா விழுங்கிச்சு. இப்ப நீங்களுமா?"

எனக்கு அந்த மனிதரின் கழுத்துப்பட்டியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவரோ அட்டையை உறையில் போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்.

புதிய காட்சிக்கூடத்தைத் திறந்துவைக்க ஒரு பெரியவர் வருவதாக ஏற்பாடு. பெரியவர் பட்டுத் துணியை இழுத்ததும் தொப்பி வெளிப்பட வேண்டும் என்பது எங்கள் பணிப்பாளரின் ஆசை. ஆகவே நடு மண்டபத்தில் ஒரு மேடை, அதன்மேல் சிவப்புப் பட்டால் மூடிய உருண்டையான ஒன்று, பக்கத்தில் அட்டை. சிங்கள அட்டையும் ஆங்கில அட்டையும் அச்சகத்திலிருந்து வந்து சேரவில்லை. வந்தது தமிழ் மட்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் தமிழ் முந்திக்கொண்டது, அது இந்த நாளாகப் பார்த்து.

பெரியவர் வருவதற்கு முன்னால் பொலிஸ் சோதனை. முதலில் என் கமராவை வாங்கிக்கொண்டு என்னைக் கயிற்றுக்கு வெளியே, அழைப்பின் பேரில் வந்தவர்களோடு நிறுத்தினார்கள். பணிப்பாளர் பெரியவரை வரவேற்க வாசலுக்குப் போயிருந்தார். உள்ளே இன்ஸ்பெக்டர் பட்டுத் துணியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அட்டையைக் காட்டி, இதைப் படிக்கத் தெரிந்தவன் யார் என்று கேட்டார். வேறு யார்? றேமண்டை முன்னால் தள்ளினார்கள். றேமண்ட் தன் அட்டையைத் தானே சிங்களத்தில் மொழிபெயர்த்தார். உலோகம். உருண்டை. உள்ளே வெற்றிடம். எதற்கென்று தெரியாது. வைத்தவர் பெயரைச் சொல்லவில்லை.

பஸ்ஸிலும் ரயிலிலும் ஒட்டியிருக்கிற எச்சரிக்கை அறிவித்தலை நீங்கள் படித்திருப்பீர்கள். உரிமையாளர் தெரியாத பொருளைக் கண்டால் தொடாதீர்கள் என்று. இன்ஸ்பெக்டரும் படித்திருந்தார். நாலு அடி பின்னால் பாய்ந்தார்.

"காகேத?" யாருடையது?

"ஒருவருடையது, சேர்."

"அவர் என்ன செய்பவர்?"

"வேலை செய்தவர்."

"எங்கே?"

"தண்ணீர்ப் பக்கம்."

"இப்போது எங்கே?"

றேமண்ட் யோசித்தார். "அது உறுதியாகத் தெரியாது, சேர்," என்றார். பாவம், அவர் அன்று சொன்னதில் முழு உண்மை அது ஒன்றுதான்.

எல்லோரையும் வெளியேற்று, குண்டு செயலிழக்கச் செய்கிறவர்களைக் கூப்பிடு, இருந்த இடத்திலேயே வெடிக்க வைக்கலாம் என்று உத்தரவு பிறந்தது. "சேர், அது தொப்பி!" என்று நான் கத்தினேன். வாயை மூடு என்று ஒரு கான்ஸ்டபிள் என்னைப் பின்னால் தள்ளினான். எனக்குப் பக்கத்தில் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையோடு நின்றிருந்த மெற்றில்டா அக்கா தள்ளப்படவில்லை. ஏனென்றால் அவர் அங்கே இல்லை. கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போயிருந்தார். துப்பாக்கிகள் திரும்பின. நில் என்று மூன்று பேர் கத்தினார்கள். அவர் நேரே மேடைக்குப் போய், பெரியவர் இழுக்க வேண்டிய பட்டுத் துணியை ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டார்.

"மகே தாத்தாகே!" என்றார். என் அப்பாவுடையது!

பிறகு தொப்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில், ஊருக்கே கேட்கச் சொன்னார். நிக்கலஸ். தமிழ் ஆள். துறைமுகத்துச் சுழியோடி. கடலுக்குள் போய் வராதவர். நான் மகள். வெடிக்க வைப்பதென்றால் என்னோடு சேர்த்து வெடிக்க வையுங்கள்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கிட்ட வந்தார். டோர்ச் அடித்துக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. தன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவும் இருக்கிறதே, அம்மா, ஏன் அட்டையில் எழுதவில்லை?" என்று கேட்டார். எல்லோரும் றேமண்டைப் பார்த்தார்கள்.

"இடம் போதவில்லை, சேர்," என்றார் றேமண்ட்.

சோதித்த பொருளுக்கு ஓர் அட்டை கட்டி முத்திரை குத்துவது பொலிஸின் வழக்கம். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் அதை நிரப்பித் தொப்பியின் கழுத்தில் கட்டிவிட்டுப் போனார். இனத்தையும் எழுதினார். இனத்தை எழுதாமல் அவர்கள் எதைத்தான் எழுதியிருக்கிறார்கள்? அதை அவிழ்க்க எங்கள் பணிப்பாளருக்குத் துணிவில்லை. அடுத்த நாள் அவர் சொன்னார்: இங்கே எதுவும் ஒரு மொழியில் மட்டும் இருக்கக் கூடாது, பொலிஸ் அட்டைக்கும் தமிழ் வேண்டும்.

றேமண்ட் அன்று பட்ட பாட்டை நான் எதிர் மேசையிலிருந்து பார்த்தேன். 'தமிழர்' என்ற இடத்தில் சிவப்புப் பேனை போய் நின்றது. பொலிஸ் எழுதியதில் ஒரு சொல்லை வெட்டினால் பிரச்சினை வரும். வெட்டாமல் விட்டாலும் வரும். இரண்டு பக்கமும் பிரச்சினையாக இருக்கும் ஒரு வசனத்தை அவர் முதன்முதலாகச் சந்தித்தார். கடைசியில் பொலிஸ் பயம் வென்றது. ஒரு சொல் குறையாமல் எழுதினார்.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு மெற்றில்டா அக்கா மெழுகுதிரியோடு நூதனசாலைக்கு வந்தார். கொளுத்த விடமாட்டார்கள். கொளுத்தாமலே தொப்பியின் முன்னால் வைத்துவிட்டு, அட்டையை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

'நிக்கலஸ். தமிழர். கொழும்புத் துறைமுகச் சுழியோடி. மகள் மெற்றில்டா, கொட்டாஞ்சேனை. பரிசோதிக்கப்பட்டது. வெடிபொருள் இல்லை.'

கடைசி வரியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பார்," என்றார். பிறகு அதே முகத்தோடு அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன். றேமண்ட் தூணுக்குப் பின்னால் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

நல்லது. இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. இதைப் பஸ்ஸில்தானே படித்துக்கொண்டு வருகிறீர்கள்? 'துறைமுகம், தமிழ், சுழியோடி' என்று வந்த இடத்தில் பக்கத்து ஆசனக்காரரை ஓரக்கண்ணால் பார்த்தீர்களே, பக்கத்தை மெல்ல உட்பக்கமாக மடித்தீர்களே, எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? றேமண்ட் அடுத்த வருடம் இளைப்பாறுகிறார். மேசை காலியாகிறது. விண்ணப்பம் அனுப்புங்கள். உங்கள் பெயரை எழுத மனம் வரவில்லையென்றால் வெறும் உறையை அனுப்பினாலும் போதும், நாங்கள் உங்களைத்தான் எடுப்போம்.