ஓட்டை விழுந்த படங்களும் அனுமதிக் குழுவும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் முன்னால் நிமிர்ந்து நிற்க யோக்கியதை இல்லாத மச்சான் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடிதம் என்றால் கேட்டாக வேண்டுமே, கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் சிறுநீரகத்தை உங்களுக்குத் தர அனுமதிக் குழுவிடம் போன கதையில் தங்கச்சி பாதியைத்தான் சொல்லியிருப்பாள். அவளுக்குச் சர்க்கரை, அதனால் அவளுடையது ஆகாது. மனைவியின் அண்ணன் சட்டப்படி நெருங்கிய உறவு இல்லையாம். காசுக்கு விற்கவில்லை, பாசத்தால்தான் தருகிறேன் என்று நிரூபிக்க வேண்டுமாம். என் வீட்டுக்காரியின் சம்மதக் கையெழுத்து, விலாசச் சான்று என்று எல்லாவற்றிலும் மூன்று நகல் கொண்டுபோனேன். பழைய குடும்பப் படங்களும் கேட்டார்கள். பதினோரு வருஷமாகத் திறக்காத ஆல்பத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன் பாருங்கள், அங்கேதான் மானம் கப்பலேறியது. ஏணியை நீங்கள் திருப்பித் தரவில்லை என்று நாம் சண்டை போட்டோமே, அன்றைக்கே நான் உங்களை எல்லாப் படத்திலிருந்தும் வெட்டி எறிந்துவிட்டேன். தையற்காரன் கை ஆச்சே மாப்பிள்ளை, ஒரு பிசிறு இல்லை. உங்கள் கல்யாணப் படத்தில் தங்கச்சி ஒரு ஓட்டையோடு கைகோர்த்து நிற்கிறாள். குழுத் தலைவர் படத்தைத் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக அவர் கண் என்னைப் பார்த்தது. கரையான் என்று உளறிவிட்டேன்.

“கரையான் ஆள் பார்த்தாய்யா அரிக்கும்?” என்றார்.

அப்புறம் ஏணிக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஏணி எங்கள் வீட்டுப் பரணிலேயேதான் கிடந்தது. ஏணி இல்லாமல் பரண்மேல் ஏற முடியாததால் அஞ்சு வருஷம் தெரியவில்லை. தெரிந்த பிறகு ஆறு வருஷம் வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், பாசத்துக்கு ஆதாரம் போதாது என்று குழு மறுத்துவிட்டது. சட்டம் அப்படி இருந்தால் நான் என்ன செய்வேன்?

டயாலிசிசுக்கு நாள் தவறாமல் போங்கள். தண்ணீரை அளந்து குடியுங்கள். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

தலைகுனிந்த,
மச்சான்

பின்குறிப்பு: குழு மறுத்தது என்பது பொய். சட்டப்படி தங்கச்சியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் என்னை விசாரித்தார்கள். படங்களைப் பார்த்துத் தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இப்படி மல்லுக்கட்டுகிறவர்கள் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள் என்று எல்லாத் தாளையும் சரி என்றுவிட்டார். அதற்கப்புறம்தான் என் சம்மதத்தைக் கேட்டார்கள். குழுவிலிருந்த டாக்டரம்மா குரலைத் தாழ்த்தி, “மனசாரத்தான் தர்றீங்களா? இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க, காரணம் வெளியே போகாது” என்றார்.

“பயமா இருக்கும்மா, வேணாம்” என்றேன். மறுத்தது நான்தான் மாப்பிள்ளை.

மேலே உள்ளதை அன்றைக்கே எழுதிவிட்டுத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நாலு நாளாக ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. இன்று காலையில் போய் மறுபடி மனு கொடுத்தேன், செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். பயம் அப்படியேதான் இருக்கிறது. அதையும் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.