செல்வி அக்கா பாத்த ஜனாதிபதி

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. பாரிசிலை எங்கடை சனம் கூடுற லா சப்பலிலை பத்துத் தமிழ் ஆக்களிட்டை ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு போகோணும். அவ்வளவுதான்.

நான் இஞ்சை ஒரு கட்சியிலை உறுப்பினர். எந்தக் கட்சி எண்டு கேக்காதேங்கோ, சண்டை வரும். அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்குக் கட்சி ஆரை நிறுத்திறது எண்டு நாலு பேரின்ரை பெயர் அடிபடுது. ரண்டு ஆம்பிளையள், ரண்டு பொம்பிளையள். எங்கடை கிளை ஆருக்கு ஆதரவு குடுக்கிறது எண்டு முடிவெடுக்க, பின்னேரம் ஆறு மணிக்குப் பக்கத்திலை மார்க்ஸ் டோர்மோயிலை கூட்டம்.

கிளைச் செயலாளர் ஒடில் எண்ட பிரெஞ்சு மனிசி. போன கூட்டத்திலை, "இவ்வளவு தமிழர் இருக்கிற இடம், ஒருத்தரின்ரை கருத்தும் எங்களுக்குத் தெரியாது" எண்டு கவலைப்பட்டா.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கேல்லை.

"லா சப்பல் என்ரை கைக்குள்ளை! பத்துப் பேரின்ரை கருத்தோடை வாறன்!" எண்டு எழும்பி நிண்டு சொன்னன்.

ரண்டு வருசமா அந்தக் கூட்டங்களிலை நான் செய்தது கதிரை அடுக்கினது மட்டும்தான். இதோடை எண்டாலும் என்னை ஒரு ஆளா மதிப்பினம் எண்டு ஆசை.

ஆளுக்கொரு தாள் அடிச்சன். மேலை படம். கீழை வயது, பிறந்த ஊர், படிப்பு, செய்யிற வேலை. நாலுக்கும் நம்பர் போட்டு, ஒரு உறைக்குள்ளை வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டன்.

முதல் சலூன். அண்ணை கத்தரிக்கோலை நிப்பாட்டாமலே, "எல்லாரும் நல்லவைதான் தங்கச்சி" எண்டார்.

பிறகு சாப்பாட்டுக்கடை. அங்கை ஒருத்தர் படங்களை வடிவாப் பாத்திட்டு, "இவையிலை ஆரும் எங்கடை பக்கமோ?" எண்டார்.

"இல்லை அண்ணை, பிரெஞ்சுக்காரர்."

"அப்ப விசாரிக்கவும் ஏலாதே!" எண்டு தாளைத் திருப்பித் தந்தார்.

பதினொரு மணியாச்சு. என்ரை கையிலை கருத்து ஒண்டுமில்லை. நேரை செல்வி அக்காவின்ரை பலசரக்குக் கடைக்குப் போனன்.

செல்வி அக்காவைப் பற்றிச் சொல்லோணும். அவவின்ரை கல்லாவுக்குக் கீழை ஒரு லாச்சி இருக்கு. பாதிப் பாரிசின்ரை சாதகமும் அதுக்குள்ளைதான். சனம் வெண்டிக்காய் வாங்க வந்து மாப்பிளையும் பாத்துக்கொண்டு போகும். முப்பத்தாறு வயசிலையும் தனிய இருக்கிற என்னைக் கண்டால் அவவுக்கு ஒரே பல்லவி. "ஆர் எண்டாலும் பரவாயில்லை பிள்ளை, சே.டே.ஈ இருந்தால் காணும்!" சே.டே.ஈ எண்டால் நிரந்தர வேலை ஒப்பந்தம். முடிவுத் திகதி போட்ட சே.டே.டே ஒப்பந்தக்காரர் வந்தால் வாசலோடை அனுப்பிப்போடுவா.

சனிக்கிழமை, கடை முட்டச் சனம். நான் அவசரத்திலை உறையை நீட்டினன்.

"அக்கா, இதிலை நாலு பேர் இருக்கினம். ஒராளைத் தெரிவு செய்யோணும். பின்னேரம் ஆறு மணிக்கு முடிவு சொல்லோணும். வாறவைக்கும் காட்டி ஆர் நல்லம் எண்டு கேட்டு வையுங்கோ. மூண்டாம் ஆள் மார்க்ஸ் டோர்மோய்க்கு நேரிலை வாறார், நீங்களும் வாங்கோ!"

கட்சி எண்ட சொல்லு என்ரை வாயிலை வரவேயில்லை.

அக்காவுக்குக் கண் கலங்கிப்போச்சு. "நீயா வந்து கேப்பாய் எண்டு எத்தினை வருசமாப் பாத்துக்கொண்டிருந்தனான்!"

எனக்கும் கலங்கினது. எங்கடை சனத்துக்கு அரசியலிலை இவ்வளவு ஆர்வமோ! நாங்கள்தான் கேக்காமல் விட்டிட்டம்!

மூண்டு மணிக்குத் திரும்பிப் போனன். அக்கா கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திருக்கிறா, படத்தையும் பெரிசா அடிச்ச வயசையும்தான் பாத்தவவாம், வந்தவைக்கும் அதைத்தான் காட்டினவவாம். எண்டாலும் பதினொரு பேரின்ரை கருத்து றெடி!

"முதலாம் ஆள் வேண்டாம். அறுபத்தொரு வயசு. பேந்து ஆர் பாக்கிறது?"

எழுதினன்: வயது பற்றித் தயக்கம்.

"மூண்டாம் ஆளுக்கு நாப்பத்திநாலு. முகத்திலை ஒரு அமைதி. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

எழுதினன்: மூண்டாம் நம்பருக்கு ஏகமனதான ஆதரவு.

"அந்தப் பொம்பிளையள் ரண்டு பேராலையும் இடைஞ்சல் வராது போலை கிடக்கு."

எழுதினன்: மற்ற இருவரும் பலத்த போட்டி இல்லை.

"பிறந்த நேரம் மட்டும் காணேல்லை. கேட்டுச் சொல்லு, ஐயரிட்டைக் குடுக்கோணும்."

எங்கடை ஆக்கள் தலைவருக்கும் சாதகம் பாக்கிறவைதானே! எழுதினன்: கூடுதல் வெளிப்படைத்தன்மை தேவை.

சந்தோசத்திலை எனக்குக் கால் நிலத்திலை படேல்லை.

ஆறு மணி. எங்கடை கூட்டத்துக்கு வழக்கமா வாறது பதினைஞ்சு பேர், அதிலை ஒராள் நித்திரை. அண்டைக்குக் கதவு திறந்திது. செல்வி அக்கா பட்டுச்சீலையோடை! பின்னாலை பதினொரு பொம்பிளையள், எல்லாரும் பட்டுச்சீலை! கையிலை தட்டங்களிலை பயத்தம் பணியாரம்! ஒடில் நெஞ்சிலை கையை வைச்சுக்கொண்டு, "தர்சி, நீ ஒரு அதிசயம்!" எண்டா.

மூண்டாம் நம்பர் வந்தார். பட்டுச்சீலையளைக் கண்டு மனிசனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அக்கா எழும்பினா. நான் மொழிபெயர்ப்பு.

"தண்ணி பாவிப்பாரோ எண்டு கேள்."

மதுக்கொள்கை! நல்ல கேள்வி! கேட்டன். ஞாயிற்றுக்கிழமையிலை அம்மாவோடை ஒரு கிளாஸ் வைன் எண்டார்.

"தாய் இவரோடையோ இருக்கிறா?"

முதியோர் பராமரிப்பு! கேட்டன். இல்லை, பக்கத்துத் தெருவிலை தனி வீடு எண்டார். பதினொரு தலையும் ஒண்டா ஆடிச்சுது. மனிசன் உருகிப்போனார். தன்னை இவ்வளவு அக்கறையா ஒருத்தரும் விசாரிச்சதில்லையாம்.

"அக்காமார் ரண்டு பேருக்கும் கலியாணம் முடிஞ்சுதோ?"

"எந்த அக்காமார்?" எண்டு நான் அக்காவைக் கேட்டன்.

"உறைக்குள்ளை இருந்தவையடி! ரண்டாவதும் நாலாவதும்!"

அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. வாய் திறக்க முதல் அக்கா கைப்பையிலை இருந்து ஒரு முழம் மல்லிகைப்பூவை எடுத்தா. அத்தினை பேருக்கு முன்னாலை என்ரை தலையிலை குத்தினா. என்னைத் தோளிலை பிடிச்சு அவருக்கு முன்னாலை தள்ளி, "இதுதான் பொம்பிளை!" எண்டா.

இது ஏதோ தமிழ் வரவேற்பு எண்டு நினைச்சு மண்டபம் கைதட்டிச்சுது. வேட்பாளரும் கைதட்டினார். ஒடில் படம் எடுத்தா. எனக்கு அந்த இடத்திலேயே மறைஞ்சு போனால் நல்லாயிருக்கும் போலை இருந்திது.

அக்காவை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனன். "ஐயோ அக்கா, இது கலியாணப் பேச்சு இல்லை! அவர் பிரான்சுக்கு ஜனாதிபதியா வரப் பாக்கிறார்!"

அக்கா அசரேல்லை. "அது எத்தினை வருசத்துக்கு?"

"ஐஞ்சு."

"பிறகு?"

"திரும்பத் தேர்தலிலை நிக்கோணும்."

"தோத்தால்?"

"வீட்டை போகோணும்."

அக்கா போய்க் கதிரையிலை இருந்திட்டா.

லா சப்பலின்ரை கருத்தை வாசிச்சன். வேற வழி? வாக்கெடுத்தினம். மூண்டாம் நம்பர் வெண்டார்! ஒடில் ரண்டு கன்னத்திலையும் கொஞ்சி, அடுத்த கூட்டத்துக்குக் கதிரை அடுக்க வேற ஆளைப் பாப்பம் எண்டா. வெக்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம், எனக்குத் தலை சுத்திச்சுது.

வாசலிலை அக்காவைக் கட்டிப்பிடிச்சன். "பாத்தியளோ அக்கா, நீங்கள் சொன்ன ஆள்தான்!"

அக்கா என்ரை தலையிலை இருந்த பூவைக் கவனமாக் கழட்டித் தன்ரை பைக்குள்ளை திருப்பி வைச்சா.

"நாட்டுக்குக் காணும் பிள்ளை. எங்களுக்குச் சரிவராது. ஐஞ்சு வருசச் சே.டே.டே எல்லோ!"