தோள் போனவனுக்கு நாலு வருஷமா?

குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பூக்கடைக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார் பியோ தேசிக்.

"ரெண்டு ஸ்டாண்டு. ரெண்டும் மூணடுக்கு. முதல் ஸ்டாண்டு கல்யாண மண்டபத்துக்கு, கலர்ப் பூ. ரெண்டாவது வெள்ளைச் சாமந்தி."

"வெள்ளைச் சாமந்தியா? அடடா, யாரு சார் தவறிட்டாங்க?" பூக்கடைக்காரர் பங்கின் குரல் சட்டென்று இறங்கியது.

"யாரும் தவறல. நாரைகள் கிளப் ஆபீஸுக்கு."

"அப்படிச் சொல்லுங்க! விடிஞ்சதுலேருந்து அங்கதான் சார் போயிட்டே இருக்கு. குன்சான் ஊர்ல வெள்ளைச் சாமந்தியே தட்டுப்பாடு."

குன்சான் நாரைகள் பேஸ்பால் அணியின் ரசிகர்கள் மரியாதை தெரிந்தவர்கள். கோபம் வந்தால் கல்லெறிய மாட்டார்கள். இழவு வீட்டுக்கு அனுப்புகிற பூ ஸ்டாண்டை கிளப் வாசலுக்கு அனுப்பி, 'உங்கள் மூளையின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம்' என்று ரிப்பனில் எழுதிவிடுவார்கள். அவ்வளவுதான்.

இந்தக் குளிர்காலத்துக் கோபத்துக்குக் காரணம் மேங் குவான். ஏற்கெனவே தோளில் ஆபரேஷன் ஆன பந்துவீச்சாளன். வேறு அணியிலிருந்து அவனைக் கூப்பிட்டு நாலு வருஷ ஒப்பந்தம் தரப்போகிறார்களாம். இன்றைக்குப் பகலில் கையெழுத்து. அவன் உள்ளே வந்தால், இளமையெல்லாம் நாரைகளுக்கே கொட்டிக்கொடுத்த இடதுகை வீரர் ஓக் சங்மின் வெளியே போகவேண்டியதுதான். தேசிக்குக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

"ஓக் தோளு கருங்கல்லு, பங்! வயசாச்சுன்னு சொல்றானுங்க. வயசு முகத்துலதானேய்யா தெரியுது, தோள்லயா தெரியுது? மேங் தோளு வறுத்த கடற்பாசி. தொட்டாலே பொடிப்பொடியாப் போயிரும். அவனுக்குப் போயி நாலு வருஷம்! எழுதிக்கோங்க. 'தோள் போனவனுக்கு நாலு வருஷமா? வேண்டாம், திருப்பி அனுப்பு!' அனுப்புறவர் பேரு, 'உன்னையே நம்பி ஏமாந்த பழைய ரசிகன்'."

"அருமை சார். அடுத்தது?"

"'பொருத்தமான ஜோடி! ஆயுசுக்கும் பிரியாதீர்கள்! அன்புடன், அத்தான் பியோ தேசிக்.'"

கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"ஏங்க! உள்ள யாரோட பேச்சு?" மனைவி ஹேரான்.

"பாட்டும்மா, பாட்டு! குளிக்கிறப்ப பாடக்கூடாதா?"

"பாட்டுல எதுக்குத் தோளு வருது? நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

மறக்குமா? மாமனாரின் எழுபதாவது பிறந்தநாள் விருந்தில் வாழ்த்திப் பேச மைக்கை வாங்கிய தேசிக், கடைசி இன்னிங்ஸில் யாரைப் பந்துவீச அழைக்கவேண்டும் என்பதை சூப் ஆறி ஆடை கட்டும்வரை விளக்கியவர். ஆகவே இன்று தன் தங்கை போரமின் கல்யாணத்தில் பேஸ்பால் என்று ஒரு வார்த்தை வந்தாலும் அவருடைய சீசன் டிக்கெட் வேறு யாருக்காவது போய்விடும் என்று ஹேரான் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். முதல் பேஸ் ஓரத்து இருக்கை. அதற்காகத் தேசிக் வாயைத் தைத்துக்கொள்ளவும் தயார்.

"சார், முதல்ல சொன்ன வாசகம் முதல் ஸ்டாண்டுக்குத்தானே?" என்றார் பங்.

"ஆமாமா, முதலுக்கு முதல், ரெண்டுக்கு ரெண்டு! வைக்கிறேன்!"

கெட்டது குடி.

மண்டபத்தில் மணிக்கு ஒரு கல்யாணம். போரமின் முறை பன்னிரண்டு மணிக்கு. தேசிக் டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே நுழைந்தபோது வாசலில் மாப்பிள்ளை ஜின்மோ எல்லோருக்கும் குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தான். ஒற்றைக் கையால்தான். இன்னொரு கை கழுத்திலிருந்து வெள்ளைத் துணியில் தொங்கியது.

"என்னாச்சு மாப்பிள்ளை?"

"முந்தாநாள் ஐஸ்ல வழுக்கிட்டேண்ணே. தோள்ல எலும்பு விட்டுப்போச்சு. கல்யாணத்தைத் தள்ளிப்போட வேணாம்னு போரம் சொல்லிட்டா."

"நல்ல பொண்ணு, நல்ல பொண்ணு" என்றபடி தேசிக் திரும்பினார். சுவரோரம் வரிசையாகப் பூ ஸ்டாண்டுகள். நட்டநடுவில், எல்லாவற்றையும்விட உயரமாக, ரோஜாவும் ஆரஞ்சுமாக ஒன்று நின்றது. அதன் ரிப்பனில் கொட்டை எழுத்து.

*தோள் போனவனுக்கு நாலு வருஷமா? வேண்டாம், திருப்பி அனுப்பு!*

தேசிக் சுற்றுமுற்றும் பார்த்தார். ஐயோ, ஐயோ! இதை மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் மானம் போகும். ஹேரான் பார்த்தால் டிக்கெட்டே போகும்!

இரண்டாவதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யாரும் பார்க்காத நேரத்தில் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்து அப்படியே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மண்டப ஊழியப் பெண் ஓடிவந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க சார், எங்க ஆளுங்க திருப்பி வெச்சுட்டாங்க போல!" அவள் ஸ்டாண்டை நேராக்கினாள். ரிப்பனை வேறு நீவிவிட்டாள். "இப்ப நல்லாத் தெரியுதா சார்?"

"ரொம்ப நல்லாத் தெரியுதும்மா."

அவள் போனதும் கோட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, ரிப்பனின் மேல்பாதியை மடித்துப் பூவுக்குள் செருகிக் குத்தினார். தோள் மறைந்தது. நாலு வருஷமும் மறைந்தது. அப்பாடா என்று ஓரடி பின்னால் வந்து பார்த்தார்.

*வேண்டாம், திருப்பி அனுப்பு! உன்னையே நம்பி ஏமாந்த பழைய ரசிகன்.*

"இது என்ன தம்பி கூத்து?" முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. வானநீல ஹன்போக் பட்டுடை சரசரக்க மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தாள். "யாரு இந்தப் பழைய ரசிகன்?"

"அது வந்துங்க... யாரோ... வேடிக்கைக்கு..."

"என்னத்தைத் திருப்பி அனுப்பணுமாம்? என் புள்ளையையா?"

"சேச்சே! உங்க புள்ளைய யாரு திருப்பி அனுப்புவாங்க? இது வேற ஆளு!"

வாய் முந்திக்கொண்டது. அந்த அம்மாள் முகம் சுருங்கிப்போயிற்று.

"அப்ப வேற ஆளு ஒருத்தன் இருந்திருக்கான்!"

அடுத்த நிமிஷம் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் கசகசவென்று ஆகிவிட்டது. ஏமாந்த காதலன் ஒருவன் மண்டபத்துக்குள்ளேயே இருக்கிறான் என்றார்கள். பார்த்தால், பியானோ மூலையில் மணப்பெண்ணின் கல்லூரிச் சினேகிதன் ஒருவன், வாழ்த்துப் பாட்டுப் பாட வந்தவன், கண்ணை மூடி உருக்கமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். விடுவார்களா? மாப்பிள்ளையின் சித்தப்பா அவன் காலரைப் பிடித்தார்.

"நீதானேடா அந்தப் பழைய ரசிகன்?"

"ரசிகனா? நான் பாட வந்தவன் சார்! எனக்கே கல்யாணமாகி ரெண்டு குழந்தை!"

"ரெண்டு குழந்தைய வெச்சுக்கிட்டு பூ வேற அனுப்புறியா?"

தேசிக் குறுக்கே பாய்ந்தார். "விடுங்க, விடுங்க, அவரு இல்லைங்க!"

"அப்ப யாருன்னு உங்களுக்குத் தெரியுது!" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "சொல்ற வரைக்கும் நான் மேடையில மெழுகுவத்தி ஏத்த மாட்டேன். எத்தனை மணியானாலும் சரி."

இரு வீட்டு அம்மாக்களும் மெழுகுவத்தி ஏற்றாமல் கல்யாணம் தொடங்காது. வெளியே ஒரு மணிக் கல்யாணக் கூட்டம் வேறு வந்து எட்டிப்பார்க்க ஆரம்பித்தது. மணப்பெண் அறையிலிருந்து போரம் வெள்ளைக் கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அத்தான், எனக்கு எந்தப் பழைய ரசிகனும் கிடையாது. நீங்களாவது சொல்லுங்களேன்!"

ஜின்மோ தொங்குகிற கையோடு போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டான்.

அந்தப் பெண்ணைப் பள்ளிச் சீருடையில் பார்த்தவர் தேசிக். மைதானத்துக்குக் கூட்டிப்போய் வறுத்த கோழி வாங்கிக்கொடுத்தவர். அவள் கண்ணீரைப் பார்த்ததும் மனுஷனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. முதல் பேஸ் ஓரத்து இருக்கையை மனசுக்குள் ஒருமுறை தடவிக்கொடுத்தார். போய்வா மகராசி.

"நான்தாங்க!" என்று கத்தினார். "அந்தப் பழைய ரசிகன் நான்தான்!"

கூட்டம் ஆவென்று வாயைப் பிளந்தது.

"ஐயய்யோ, போரமுக்கு இல்லைங்க! நாரைகளுக்கு! பூக்கடையில ரிப்பன் மாறிப்போச்சு. தோள் போனவன் மாப்பிள்ளை இல்லை, மேங் குவான்! அவனுக்கு நாலு வருஷம் குடுக்காதேன்னு கிளப்புக்கு எழுதினது. இதோ பாருங்க!" ஊக்கைப் பிடுங்கி ரிப்பனை முழுசாக விரித்துக் காட்டினார்.

ஹேரான் கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். ரிப்பனை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"பாட்டுல தோளு வந்தப்பவே நினைச்சேன்" என்றாள். "சரி, நம்ம வாழ்த்து எங்க?"

"அது கிடக்குதும்மா எங்கயாவது. இப்ப அதுவா முக்கியம்?"

அதுவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக எழுந்தார். தேசிக்கை மேலும் கீழும் பார்த்தார். போச்சு, அடிக்கப்போகிறார் என்று தேசிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, ஓக் சங்மினை விட்டுட்டு மேங் குவானுக்கு நாலு வருஷமா? எவனாவது மனுஷன் செய்வானா?"

தேசிக் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நானும் ஒண்ணு அனுப்பியிருக்கேன் தம்பி. வெள்ளைச் சாமந்தி. இவளுக்குத் தெரியாம."

"என்னது?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

இரண்டு ஆண்களும் கட்டிக்கொண்டார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. காலர் கசங்கிய பாடகனிடம் சித்தப்பா மன்னிப்புக் கேட்டு, சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய்ப் பழச்சாறு கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா ஹேரானின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுலயும் இதே கதைதானாம்மா?" என்று பெருமூச்சு விட்டாள். பிறகு மேடையேறி மெழுகுவத்தி ஏற்றினாள்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளை ஒற்றைக் கையால் மோதிரம் போட்டான். மணப்பெண் சிரித்துச் சிரித்துக் கண்மை கலைந்தது.

விருந்தில் தேசிக்கும் மாப்பிள்ளையின் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எலும்பு சூப்பை வெளுத்துக்கட்டினார்கள். ஒரு வாரத்துப் பசி தேசிக்குக்கு.

"ரேடியோல சொன்னான் தம்பி. அத்தனை பூவையும் பார்த்துட்டு கிளப் தலைவர் ஆடிப்போயிட்டாராம். மேங் குவானே வேணாம்னு சொல்லப்போறார்னு பேச்சு."

"அப்ப ஓக் இருப்பாரு! ஜெயிச்சுட்டோம் பெரியவரே!"

"ஏங்க, ஜெயிச்சது இருக்கட்டும். டிக்கெட்?" என்றாள் ஹேரான் எதிரிலிருந்து.

தேசிக் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொன்ன சொல்லு மாறக்கூடாதும்மா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "அதை என்கிட்ட குடுத்துரு. வேணும்னா வாரம் விட்டு வாரம் இவரையும் அனுப்பி வெக்கிறேன்."

ஹேரானே சிரித்துவிட்டாள். ஓக் சங்மினும் தங்கிவிட்டார், இருக்கையில் பாதியும் தங்கிவிட்டது. தேசிக் கோப்பையை உயர்த்தினார்.

அப்போதுதான் பூக்கடைக்காரர் பங் மூச்சு வாங்க ஓடிவந்தார். கையில் பிரம்பு மாதிரிச் சுருட்டிய ரிப்பன்.

"மன்னிச்சிருங்க சார்! பாவி நான், ரெண்டையும் மாத்திக் கட்டிட்டேன். தெரிஞ்ச உடனே சரியான ரிப்பனை எழுதிக்கிட்டு கிளப்புக்கு ஓடினேன்."

"விடுங்க பங், இங்க எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. உக்காருங்க, சூப் சாப்பிடுங்க."

"இல்ல சார், அங்க ரிப்பனை மாத்தவே விடல. தலைவர் உங்க ஸ்டாண்டைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டிருக்காரு. 'ஊரே இழவு சொல்லி அனுப்புது, இந்த அத்தான் பியோ தேசிக் ஒருத்தர்தான் பொருத்தமான ஜோடின்னு சொல்லியிருக்காரு, ஆயுசுக்கும் பிரியாதேன்னுட்டாரு'ன்னு சொல்லி, நாலு வருஷத்தை அடிச்சு ஆறு வருஷமாக்கிக் கையெழுத்துப் போட்டுட்டாரு சார்!"